முகம் காட்டாமல் வருகிறவர்கள்

விலங்குகளும் மனிதர்களும் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், யொருபா நாட்டில் இறந்துபோனவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் சொந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார்கள். புழுதிக் காற்று ஓய்ந்து, மழைக்கு முன்னால் வானம் வெளுத்துக் கிடக்கும் ஒரு காலையில், ஊருக்கு வெளியே இருக்கும் தோப்பிலிருந்து வரிசையாக நடந்து வருவார்கள். அவரவர் வீடு அவரவருக்குத் தெரியும். யாரும் வழி கேட்பதில்லை. பிள்ளைகள் வாசலில் மண்டியிட்டு வரவேற்பார்கள். உள்ளே பாய் விரித்திருக்கும். இடித்த வள்ளிக்கிழங்கும் கீரைக் குழம்பும் பனை எண்ணெயில் பொரித்த பயறு வடையும் தயாராக இருக்கும். வந்தவர்கள் சாப்பிடுவார்கள், பேரப்பிள்ளைகளை மடியில் இழுத்து வைத்துக்கொள்வார்கள், வீட்டுச் சண்டைகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்கள். பொழுது சாயும்போது எல்லாரையும் வாழ்த்திவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அந்த வாழ்த்துக்குப் பிறகுதான் முதல் மழை இறங்கும்.

அப்போது இலேமா என்ற ஊரில் அஷாகே என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் அயின்டே எண்ணெய்ப்பனை ஏறிப் பாளை சீவிக் கள் இறக்குகிறவன். கல்யாணமாகி நெடுங்காலம் பிள்ளை இல்லாமல் இருந்து, கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட பிறகு அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தது. 'கேட்டு வாங்கினவள்' என்ற பொருளில் அவளுக்கு அபேனி என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கதை நடந்தபோது அபேனிக்கு முன்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. அஷாகேயின் அம்மா கடைசிக் காலத்தில் மகள் வீட்டில்தான் இருந்தாள். அதனால் இறந்த பிறகும் ஆண்டுதோறும் அங்கேதான் வருவாள்.

ஒரு ஆண்டு, இறந்தவர்கள் வருவதற்கு முந்தின நாள், அஷாகே தோட்டத்தில் நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். வேலி மரத்தில் ஒரு பழுப்புக் குரங்கு வந்து உட்கார்ந்தது. அந்தக் குரங்கை ஊரில் எல்லாருக்கும் தெரியும். தொண்டை எப்போதும் கரகரவென்றிருக்கும். வாயில் எதுவும் தங்காது.

"அஷாகே, ஒரு கை கடலை போடு. ஒரு சேதி சொல்கிறேன்" என்றது.

"உன் சேதி எனக்குத் தெரியாதா? யார் தோட்டத்தில் சோளம் முற்றியிருக்கிறது என்பாய். போ, போ."

"இது தோப்புச் சேதி."

அஷாகேயின் கை நின்றது. இறந்தவர்களின் தோப்புக்குள் மனிதர்கள் யாரும் போவதில்லை. குரங்குகள் மட்டும் அங்கே போய்த் தூங்கும். அவள் வேரிலிருந்த மண்ணை உதறி ஒரு கொத்துக் கடலையை வீசினாள். குரங்கு பிடித்துக்கொண்டது.

"நாளைக்கு வரப்போகிறவர்கள் அங்கே இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் தெரியுமா? பாய் முடைகிறார்கள். அடுத்த வருகைக்குள் யார் யார் அவர்களிடம் போய்ச் சேரப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். வருகிறவர்களுக்கு உட்கார இடம் வேண்டாமா? ஆளுக்கு ஒரு பாய். எது யாருக்கு என்றுகூடத் தெரியும்."

"பொய் சொல்லாதே."

"பொய் சொன்னால் எனக்கு என்ன லாபம்? அதை வாய் திறந்து சொல்லக் கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை. ஆனால் முகத்துக்கு யார் கட்டளை போட முடியும்? நாளைக்கு நன்றாகக் கவனித்துப் பார். யாருக்குப் பாய் முடைந்தார்களோ அந்த ஆளைப் பார்க்கும்போது முகம் மாறும்."

கடலையைத் தின்று தொலியைத் துப்பிவிட்டுக் குரங்கு போய்விட்டது. அஷாகே அதைச் சிரித்து ஒதுக்கத்தான் பார்த்தாள். வீட்டுக்கு வந்து வேலைகளைச் செய்தாள். கணவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும்போல இருந்தது.

மறுநாள் அம்மா வந்தாள். அஷாகே மண்டியிட்டாள். அம்மா அவள் தோளைத் தொட்டு எழுப்பினாள். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்து, கூரையில் புது ஓலை போட்டிருப்பதைப் பாராட்டினாள். பாயில் உட்கார்ந்து கிழங்கைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். முகம் தெளிவாக இருந்தது. அஷாகேக்கு மூச்சு இலேசானது. குரங்கின் பேச்சை நம்பியதற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்போது அபேனி வெளியிலிருந்து ஓடி வந்தாள். விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "பாட்டி, பாருங்கள்!" என்றாள். அவளுக்குப் பின்னாலேயே கள் நிறைந்த சுரைக்குடுக்கையைத் தூக்கிக்கொண்டு அயின்டே உள்ளே வந்தான்.

அம்மா தலையை நிமிர்த்தினாள். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. முகத்தில் இருந்த சிரிப்பு, விளக்கை ஊதி அணைத்ததுபோல் போய்விட்டது. ஒரு நொடிதான். உடனே குனிந்துகொண்டு, "குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல்" என்றாள்.

அஷாகே அம்மாவின் பக்கம் நெருங்கி உட்கார்ந்தாள். "அம்மா, என்ன பார்த்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

"என்ன பார்த்தேன்? பேத்தியைப் பார்த்தேன். மருமகனைப் பார்த்தேன்."

"உங்கள் முகம் ஏன் அப்படிப் போனது?"

"நான் செத்தவள் அஷாகே. மழை எப்போது வரும் என்று கேள், சொல்கிறேன். மற்றதைக் கேட்காதே."

பொழுது சாயும்போது அம்மா வழக்கத்தைவிட நீண்ட நேரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வீட்டில் இருக்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள். பிறகு மற்றவர்களோடு தோப்பைப் பார்த்து நடந்தாள்.

அன்றிலிருந்து அஷாகேயின் கண் மகளை விட்டு நகரவில்லை.

அபேனியை ஆற்றுக்கு விடவில்லை. மாமரத்தில் ஏற விடவில்லை. அடுப்புப் பக்கம் வர விடவில்லை. மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போனால் பின்னாலேயே போய் நின்றாள். காட்டில் பாம்பு இருக்குமென்று பயந்து, இடுப்பில் சுமக்கிற வயதெல்லாம் தாண்டிவிட்ட பெண்ணை முதுகில் துணி கட்டிச் சுமந்துகொண்டு தோட்டத்துக்குப் போனாள். பிள்ளையின் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. வழியில் பெண்கள் சிரித்தார்கள். அவளுக்கு அது காதில் விழவில்லை. தூங்கும்போது அபேனியின் மார்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். பிள்ளை தும்மினால் இவளுக்கு உடம்பு வியர்த்தது. குறி பார்க்கிறவரிடம் போனாள். அவர் கொட்டைகளை உருட்டிப் பார்த்துவிட்டு, "தெய்வம் சொல்வதை நான் படிப்பேன் அம்மா. செத்தவர்கள் மனதில் வைத்திருப்பது எனக்கு எட்டாது" என்று கையை விரித்துவிட்டார்.

தாங்க முடியாமல் ஒருநாள் பக்கத்து வீட்டு மொரினிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னாள். மொரின் சொல்லக் கூடாதென்றுதான் நினைத்தாள். ஆனால் செத்துப்போன அவளுடைய மாமனார் வருகை நாளில் அவள் புருஷனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. அவள் தன் அக்காவிடம் போய்ச் சொன்னாள். அடுத்த சந்தை கூடுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

ஊர் என்ன ஆகும்? எல்லாரும் அந்த நாளை நினைவில் கிண்டிக் கிண்டிப் பார்த்தார்கள். என் அப்பா யாரைப் பார்த்து இருமினார்? என் அத்தை ஏன் சாப்பிடாமல் எழுந்தாள்? ஒருவன் தனக்குத்தான் பாய் முடைந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, விதைக் கிழங்கை நடாமல் குவித்து வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். ஒருத்தி, "உன் அம்மா என்னைத்தான் முறைத்தாள், அவளே என்னைக் கொல்லப் பார்க்கிறாள்" என்று கணவனோடு சண்டை போட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அண்ணனும் தம்பியும், தங்கள் அப்பா பார்த்தது உன்னைத்தான், இல்லை உன்னைத்தான் என்று அடித்துக்கொண்டார்கள். ஊர்த்தலைவர் லாடிப்போ எல்லாரையும் கூட்டி, ஒரு குரங்கின் பேச்சைக் கேட்டு இப்படிக் கெட்டுப்போகலாமா என்று சத்தம் போட்டார். ஆனால் அவரும் தன் மூத்த மகனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அயின்டே மட்டும் எப்போதும்போல இருந்தான். காலையில் மரம் ஏறினான். இறங்கிக் கள்ளை விற்றுவிட்டு வந்தான். சட்டியில் இருந்ததைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டான். அஷாகே மகளுக்கு ஊட்டிக்கொண்டிருப்பாள். எதிரே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அவளுக்கு நினைவில் இருக்காது.

"அஷாகே, பிள்ளையைக் கொஞ்சம் கீழே விடேன். அவளுக்கும் காற்று வேண்டும்" என்றான் ஒருநாள்.

"நீங்கள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை அபேனி அப்பா. பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்."

அவன் மரம் ஏறும் கயிற்றை எடுத்துத் தடவிப் பார்த்தான். "கயிறு தேய்ந்துவிட்டது. புதிதாகத் திரிக்க வேண்டும். ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறாயா?" என்று கேட்டான். மரம் ஏறுகிறவனைத் தாங்குவது இடுப்பையும் மரத்தையும் சுற்றிப் போடும் அந்தக் கயிற்று வளையம்தான். ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும் இரண்டு பேரும் முற்றத்தில் எதிரெதிரே நின்று அதைத் திரிப்பார்கள். ஒரு ஆளாகத் திரித்தால் இறுக்கம் வராது.

"இவளுக்கு உடம்பு சுடுகிறது. நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள் அஷாகே.

நாளைக்கு அபேனிக்கு இருமல். அதற்கு அடுத்த நாள் கால் வலி. அயின்டே இரண்டு தடவை நினைவூட்டினான். பிறகு பழைய கயிற்றிலேயே நைந்த இடத்தில் நாரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போனான்.

ஒருநாள் வெயில் உச்சிக்கு ஏறியிருந்த நேரம். அஷாகே அபேனியின் நெஞ்சில் மூலிகை எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் வாசலில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். குரல் சரியாக இல்லை. அவள் முதலில் அபேனியைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை கைக்குள் இருக்கிறது, மூச்சு விடுகிறது, பிறகு எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. பின்னால் நாலைந்து பேர் வாழை இலை பரப்பிய தட்டியில் அயின்டேயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மிக உயரமான மரத்திலிருந்து விழுந்திருந்தான். உயிர் இல்லை.

கயிற்றைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அஷாகேதான் அதை எடுத்துப் பார்த்தாள். நார் சுற்றியிருந்த இடத்திலேயே அறுந்திருந்தது. அப்பாவின் தலைமாட்டில் அபேனி நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும்தான் அஷாகேக்கு உறைத்தது. அன்றைக்குப் பிள்ளைக்குப் பின்னால் குடுக்கையோடு இவன் நின்றிருந்தான். அம்மா பார்த்தது பிள்ளையின் தலைக்கு மேலே. இத்தனை மாதமாக அவள் காவல் காத்தது வேறு ஆளை.

அவனை அடக்கம் செய்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் போனார்கள். அஷாகேக்கு அழுகை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அதன் ஊடே இன்னொரு பயம் மெல்லத் தலையெடுத்தது. அடுத்த வருகையில் அயின்டே வருவான். இந்த வீட்டுக்குத்தான் வருவான். வந்து அபேனியைப் பார்ப்பான். அப்போது அவன் முகம் எப்படி இருக்கும்? ஊரில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவன்தான். கள்ளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கேட்டால் கலந்த அன்றைக்குக் கலந்தேன் என்று சொல்லிவிடுவான். அவன் முகம் எதையும் மறைக்காது.

வருகை நாள் நெருங்க நெருங்க ஊரில் சோறு இறங்கவில்லை. அயின்டே விழுந்ததிலிருந்து குரங்கு சொன்னது நிஜம் என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. ஊர்த்தலைவர் வீட்டு முன்னால் கூடினார்கள்.

"கதவைச் சாத்திக்கொள்வோம். போனவர்கள் போனவர்களாகவே இருக்கட்டும்" என்றார்கள் சிலர்.

"கதவைச் சாத்தினால் பசியோடு திரும்பிப் போவார்கள். வாழ்த்து இல்லாமல் மழை எங்கிருந்து வரும்?" என்றார் லாடிப்போ.

"மழை வந்து என்ன பயன், சாவு நாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால்?"

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கதவு திறந்திருக்கும். பாய் விரித்திருக்கும். ஆனால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தபடியே பரிமாறுவது, தரையைப் பார்த்தபடியே வழியனுப்புவது. லாடிப்போவுக்கு அது பிடிக்கவில்லை. வேறு வழியும் அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் காலை வந்தது. தோப்புப் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்த நேரத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு எதிரே ஓடுவார்கள். மேளம் ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் அடித்துக் கூப்பிடும். இன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. ஊரே தலை குனிந்து நின்றது. இறந்தவர்கள் தெருமுனையில் வந்து நின்றார்கள். தங்கள் பிள்ளைகளின் பிடரிகளைத்தான் அவர்களால் பார்க்க முடிந்தது. ஒரு கிழவர் தன் மகனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மகன் நிமிரவில்லை. அவர் இன்னொரு முறை கூப்பிட்டார். பிறகு மெல்லத் திரும்பித் தோப்பை நோக்கி நடக்கத் தொடங்கினார். இன்னும் இருவர் அவர் பின்னால் திரும்பினார்கள்.

அஷாகே வீட்டுக்குள் சுவரோரம் நின்றாள். அபேனியின் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள். காலடிச் சத்தங்களில் ஒன்று நிற்காமல் தெருவுக்குள் வந்தது. எட்டு வைப்பதில் ஒரு சாய்வு. மரம் ஏறுகிறவர்களின் நடை.

"அப்பா!" என்றாள் அபேனி. திமிறிக்கொண்டு கைகளுக்குக் கீழே நுழைந்து வாசலைப் பார்த்து ஓடினாள்.

அஷாகேக்கு யோசிக்க நேரம் இல்லை. மூலையில் துணிக்கூடை இருந்தது. கையில் வந்ததையெல்லாம் அள்ளினாள். அவனுடைய அவுரி நீல வேட்டி, அவளுடைய கல்யாணத் துணி, ஒரு சிவப்புப் போர்வை, பிள்ளையைச் சுமந்த துணி எல்லாம் அதில் இருந்தன. அள்ளிக்கொண்டு ஓடினாள். தெருவில் மகளை முந்தினாள். கண்ணைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. பனம்பட்டை கிழித்துத் தழும்பேறிய இரண்டு பாதங்கள் எதிரே வந்தன. அவள் கைகளை உயர்த்தி நீலத் துணியை அவன் தலைக்கு மேல் போட்டாள். அதற்கு மேல் அடுத்தது. அதற்கு மேல் அடுத்தது. பாதம்வரை மூடினாள். மூடிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

துணிக்குள் ஒரு ஆள் அசையாமல் நின்றான்.

"அஷாகே, இருட்டாக இருக்கிறது" என்றான்.

"இருக்கட்டும் அபேனி அப்பா. உங்கள் முகத்தில் இருப்பது உங்களுக்குள்ளேயே இருக்கட்டும். எனக்கு அது வேண்டாம். நீங்கள் வந்தால் போதும்."

தெருவில் குனிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். அபேனி ஓடி வந்து துணியோடு சேர்த்து அவன் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"அபேனி..." என்றான் அவன். "என் தங்கமே..."

குரல் உடைந்துவிட்டது. தெரு முழுவதும் அதைக் கேட்டது. பிள்ளையைக் காணாமல் தவித்தவனுக்குக் குரல் உடையாதா என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாருடைய கண்ணும் அபேனிமேல் போய் நின்றது. மொரின் வாயைப் பொத்திக்கொண்டாள். முகத்தை மூடினாலும் குரல் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று இருந்தது அஷாகேக்கு. அது ஆசையில் உடைந்த குரலா, வேறு எதையோ அறிந்து உடைந்த குரலா? மறுபடியும் ஒரு ஆண்டா? மறுபடியும் மூச்சை எண்ணிக்கொண்டு கிடப்பதா?

தெருமுனை இரோகோ மரத்திலிருந்து அந்தப் பழுப்புக் குரங்கு இறங்கி வந்தது. ஒரு ஆண்டாக அது ஊருக்குள் தலை காட்டவில்லை. இளைத்திருந்தது. ஒருவன் கல்லை எடுத்தான். லாடிப்போ கையமர்த்தினார்.

"அடிக்கிறதென்றால் பிறகு அடி" என்றது குரங்கு. "ஒரு கை கடலைக்காகச் சொன்னேன். இந்த ஆள் மரத்திலிருந்து விழுந்ததை நான் பக்கத்து மரத்தில் இருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. அஷாகே, என் குரலைக் கேட்கிறாயா? நான் சிரித்தாலும் இப்படித்தான். அழுதாலும் இப்படித்தான். பயந்தாலும் இப்படித்தான். என் அம்மாவுக்கே வித்தியாசம் தெரியாது. இதை அவருக்குக் கொடுத்துவிடுகிறேன்."

"கொடுத்துவிட்டால் நீ எப்படிப் பேசுவாய்?" என்று கேட்டாள் அபேனி.

"பேசியவரைக்கும் போதும்" என்றது குரங்கு. மனிதர்கள் கேட்க அது கடைசியாகச் சொன்னது அதுதான். அயின்டேயின் தோளில் தொற்றி ஏறி, துணியில் வாயை வைத்து நீளமாக ஊதியது. இறங்கியபோது அதன் வாயிலிருந்து ஒரு கத்தல் மட்டும் வந்தது. அது மரத்தில் ஏறி, கிளை கிளையாகத் தாவிப் போய்விட்டது.

துணிக்குள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. கரகரவென்று, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. அது அபேனியின் பெயரைச் சொன்னது. அஷாகேயின் பெயரைச் சொன்னது. பிறகு அவர்கள் குடும்பத்தின் பழைய பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி வாழ்த்தியது. அஷாகே காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். அதில் சந்தோஷம் இருந்ததா, துக்கம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து விட்டாள்.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. துணிக்குள் இருந்தவன் ஒரு காலைத் தூக்கி வைத்தான். இன்னொரு காலைத் தூக்கி வைத்தான். சுழன்றான். நீலமும் சிவப்பும் விரிந்து பறந்தன. அதிலிருந்து எழுந்த காற்று தெருவில் நின்றவர்களின் முகத்தில் பட்டது. அதற்கு முன்னால் இறந்தவர்கள் ஆடி யாரும் பார்த்ததில்லை. அத்தனை காலமும் பிள்ளைகள் எதிரே முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். இப்போது துணிக்குள் சிரிக்கலாம், தேம்பி அழலாம், யாருக்கும் தெரியாது. மேளக்காரர் கை தானாக மேளத்துக்குப் போனது.

மொரின்தான் முதலில் வீட்டுக்குள் ஓடினாள். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல துணியை எடுத்து வந்து மாமனார்மேல் போர்த்தினாள். பிறகு தெருவில் இருந்த பெண்கள் எல்லாரும் ஓடினார்கள். திரும்பி நடந்துகொண்டிருந்த கிழவரைத் துரத்திப் பிடித்து அவருடைய மகன் தன் மேல்துணியையே கழற்றிப் போர்த்தினான். துணி மூடிய ஒவ்வொருவரிடமிருந்தும் அதே கரகரத்த குரல்தான் வந்தது. அஷாகேயின் அம்மா சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தாள். அஷாகே வீட்டில் மிச்சமிருந்த துணியை எடுத்து வந்து அவள்மேல் போர்த்தினாள். துணி விழுவதற்கு முன்னால் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மகளுக்காகத்தான்.

ஆட்டம் நடக்கும்போது சிறுவர்கள் துணியைத் தூக்கிப் பார்க்கத் துடித்தார்கள். லாடிப்போ நீளமான ஒரு கோலை எடுத்துத் தன் மூத்த மகனிடம் கொடுத்தார். "முன்னால் நட. யாரும் நெருங்கக் கூடாது, யாரும் விலக்கிப் பார்க்கக் கூடாது" என்றார்.

பொழுது சாய்ந்தது. அஷாகே தோப்பு ஓரம்வரை கூடவே போனாள். கோல் பிடித்தவன் அவளைத் தடுக்கவில்லை. அயின்டே அங்கே நின்று அவள் பக்கம் திரும்பினான். துணியின் ஓரம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இலேசாகத் தூக்கினால் போதும். கயிற்றைப் பற்றி அவனிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதைக் கேட்கும்போது அவன் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று அதைவிட அதிகமாக இருந்தது. மன்னித்துவிட்டானா என்று முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்.

அவள் குனிந்து துணியின் ஓரத்தைப் பிடித்தாள். தெருப்புழுதி ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டாள். மடிந்திருந்த இடத்தை நீவிச் சரிசெய்தாள். "கயிற்றை நான் பிடித்திருக்க வேண்டும்" என்றாள்.

கரகரத்த குரல் அவள் பெயரைச் சொன்னது. அவ்வளவுதான். அதில் என்ன இருந்தது என்று அவள் வாழ்நாள் முழுவதும் யோசித்தாள்.

முதல் மழை நன்றாகப் பெய்தது. அபேனி மற்றப் பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போனாள். அஷாகே கரையில் நின்று பார்த்தாள். பிறகு திரும்பி நடந்து தோட்டத்துக்குப் போய் வேலையைப் பார்த்தாள். ஒவ்வொரு ஆண்டும்போல அந்த ஆண்டும் ஊரில் சிலர் இறந்தார்கள். இறக்கும் நாள்வரைக்கும் அவர்கள் கிழங்கு நட்டார்கள், சண்டை போட்டார்கள், சந்தைக்குப் போனார்கள். அடுத்த வருகைக்கு முன்னால் அஷாகே புதிதாக ஒரு துணிக்கீற்றைப் தோப்பு ஓரத்தில் அயின்டே கழற்றி வைத்துவிட்டுப் போன பழைய துணிகளோடு சேர்த்துத் தைத்தாள். அபேனி வளர்ந்த பிறகு அவளும் தைத்தாள். அவள் பிள்ளைகளும் தைத்தார்கள்.

யொருபா நாட்டில் எகுங்குன் என்று கூப்பிடப்படும் முன்னோர்கள் தலைமுதல் பாதம்வரை துணி மூடி வருவதும், குரங்குக் குரலில் வாழ்த்துவதும், சுழன்று ஆடுவதும், கோல் பிடித்த ஒருவன் முன்னால் நடப்பதும் அஷாகே தெருவில் ஓடிய அந்தக் காலையிலிருந்துதான்.